ரிங் வைத்தவளை யாரும் பார்க்க வருவதில்லை

என் ஓரகத்திக்குக் கர்ப்பப்பையை எடுத்த வாரம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் மாவு வைக்க இடமில்லை. அவ்வளவு ஆப்பிள், அவ்வளவு சாத்துக்குடி. அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசை கட்டி நின்றன. காட்டுமன்னார்கோயிலிலிருந்து சொந்தக்காரர்கள் டவுன் பஸ் பிடித்து சிதம்பரம் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் கட்டிலில் சாய்ந்தபடி, "பரவால்லங்க, இப்ப வலி ஜாஸ்தி இல்ல" என்று இழுத்து இழுத்துச் சொல்வாள். வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டவள் நான். டம்ளர்களைக் கழுவி வைத்தவளும் நான்தான். எனக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அவளுக்கு வந்த அதே கோளாறு எனக்கும் இருந்தது. அவளுக்கு வருவதற்கு முன்பே எனக்கு வந்துவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் மாவு அரைத்து விற்கிறோம். அண்ணாமலை நகர் லாட்ஜ்களில் தங்கியிருக்கிற பிள்ளைகளும் இரண்டு மூன்று மெஸ்காரர்களும் வாடிக்கை. பின்கட்டில் பெரிய கிரைண்டர். அரைத்த மாவை எவர்சில்வர் அண்டாவில் வழித்து முன்கட்டு ஃப்ரிட்ஜுக்குத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஒரு ஆபீஸில் கிளார்க் வேலை. கொழுந்தனார் ஸ்கூட்டரில் போய் மாவு போட்டுவிட்டு வருவார். அரைப்பதும் வழிப்பதும் தூக்குவதும் மருமகள்கள் எங்கள் இருவர் பாடு. நாங்கள் அத்தை என்று கூப்பிடுகிற மாமியார் கல்லாவில் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அண்டாவை இறக்கி வைத்து நிமிர்ந்தபோது அடியில் ஏதோ நழுவியது போலிருந்தது. பாத்ரூமுக்குப் போய்த் தொட்டுப் பார்த்தேன். கோலிகுண்டு மாதிரி உருண்டையாக, வழவழவென்று ஒன்று கையில் தட்டுப்பட்டது. புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டேன். காலையில் எழுந்தால் அது இருக்காது. சாயங்காலமானால் மறுபடியும் வந்துவிடும். படுத்தால் உள்ளே போகும், நின்றால் இறங்கும். முக்கி வெளிக்குப் போனால் இன்னும் மோசம். அண்டாவைத் தூக்கும்போது ஒன்றிரண்டு சொட்டு சிறுநீர் கசிந்தது. அதை வெளியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடலூரில் என் சித்தி வீடு இருக்கிறது. சித்தியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மஞ்சக்குப்பத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். சிதம்பரத்தில் காட்டினால் வெளியில் காத்திருக்கும் நாலு பேரில் இரண்டு பேர் நம்மிடம் மாவு வாங்குகிறவர்களாக இருப்பார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "புற்றுநோயெல்லாம் இல்லம்மா. கர்ப்பப்பை கொஞ்சம் எறங்கியிருக்கு" என்றார். கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கிற சதை பிரசவத்தில் தளர்ந்துபோகும், அதற்குப்பிறகு கனம் தூக்கத் தூக்க இறங்கிக்கொண்டே வரும், எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது, யாரும் வாயைத் திறப்பதில்லை என்றார். எனக்கு ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லி உள்ளே ஒரு ரிங் வைத்துவிட்டார். வளையல் மாதிரி, ஆனால் மெத்தென்று வளைகிற ரிங். மேலே இருப்பதை அது தாங்கிக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்டினால் கழற்றிச் சுத்தம் செய்து, புண் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி வைத்துவிடுவார். ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். சிறுநீரை அடக்குகிற மாதிரி அடிச்சதையை இறுக்கிப் பிடித்து, மெதுவாக விடவேண்டும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கனம் தூக்கவே கூடாது என்றார்.

வீட்டுக்காரரிடம், "லேடீஸ் பிராப்ளம், கடலூர்ல காட்டுறேன்" என்றேன். அவர் சரி என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரிங் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் ரிங் வைத்தவள் நோயாளி இல்லை. கட்டு கிடையாது, தையல் கிடையாது, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கிடையாது. காலையில் பஸ் ஏறிச் சாயங்காலம் வந்து அதே அண்டாவைத் தூக்கினேன். அப்புறம்தான் ஓரகத்திக்கு வந்தது. அவளுக்கு ரொம்பவே இறங்கிவிட்டதாம். அழுதாள், எல்லோரையும் கூட்டிச் சொன்னாள், ஆஸ்பத்திரியில் படுத்தாள், கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு ராணி மாதிரி வந்து இறங்கினாள். அத்தை அவளுக்கு வெந்நீர் காய்ச்சி ஊற்றினார். என் பிரசவத்துக்குக்கூட அப்படி ஊற்றியவரில்லை. பூண்டுக் குழம்பு வைத்து, கட்டிலுக்கே தட்டைக் கொண்டுபோனார். "அவ கனம் தூக்கக்கூடாது, டாக்டர் சொல்லியிருக்காங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்வார். அதனால் அவள் பங்கு அண்டாவையும் நான் தூக்கினேன்.

அவள் தூங்குவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டால் வரும். என்னைவிட மூன்று வயது இளையவள், என்னைவிட நிறம், இப்போது நோயிலும் என்னைவிட ஒரு படி மேலே. இப்படியெல்லாம் ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று கேட்டால், பட்டேன். ராத்திரி அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுக்கும்போதுகூடப் பட்டேன்.

அடுத்த தடவை கடலூர் போனபோது டாக்டரிடம், "எனக்கும் எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரிங் உறுத்துதா?"

"இல்ல."

"ரத்தம், வெள்ளை, நாத்தம் ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்கு?"

ஒரு தட்டு சோறு கட்டிலுக்கு வரவேண்டும் என்பதை எப்படிச் சொல்வது? அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கு ஆபரேஷன் வேணுமா, ரெஸ்ட் வேணுமா? ரெஸ்ட் வேணும்னா வீட்ல வாயைத் தொறந்து கேளுங்க. அதுக்குப் போயி கர்ப்பப்பையைக் குடுக்கணுமா?" என்றார். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவர்மீதும் கோபமாக வந்தது. வீட்டில் கேட்பது அவருக்குச் சுலபமாகத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும்.

ஓரகத்தி சில மாதங்களில் எழுந்து வேலைக்கு வந்துவிட்டாள். நான் பழிவாங்குகிற மாதிரி அவள் பங்கு அண்டாவை அவளையே தூக்க விட்டேன். போன ஐப்பசியில், மழையில் மாவு வியாபாரம் மந்தமாக இருந்த ஒரு மத்தியானம், பின்கட்டுக்குப் போனேன். அவள் தரையில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்திருந்தாள். கால் இரண்டும் அரிசி மூட்டைமேல் இருந்தன. கோபம் வந்துவிட்டது எனக்கு, மகாராணி மறுபடியும் படுத்துவிட்டாள் என்று. வாயைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இடுப்புக்குக் கீழே தலையணை வைத்திருந்தாள். அந்தப் படுக்கை எனக்குத் தெரியும். ரிங் வைப்பதற்கு முன்னால் நான் கதவைச் சாத்திக்கொண்டு அப்படித்தான் படுப்பேன்.

"என்னாடி, எறங்குதா?" என்றேன்.

அவள் அரண்டுபோய் எழுந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஆமாக்கா. எடுத்த எடத்துலயே மறுபடியும் ஏதோ எறங்குது. ரெண்டு மாசமா இருக்கு."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? ஒருவாட்டிதான் எல்லாரும் வந்து பாத்துட்டாங்களே. அவ்ளோ செஞ்சாங்க. மறுபடியும் போயி நின்னா, இவளுக்கு இதே பொழப்புன்னு சொல்ல மாட்டாங்க?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "உங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுக்கா. கோச்சுக்காதீங்க. எனக்கு மாதிரிதான் உங்களுக்கும் ரெண்டு புள்ள. நீங்க பாட்டுக்கு அண்டாவத் தூக்கிட்டுப் போறீங்க. சாமி உங்களுக்கு இரும்புல ஒடம்பக் குடுத்திருக்கு."

உண்மையைச் சொன்னால், அதைக் கேட்க எனக்கு இனித்தது. அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்! அந்த இனிப்பை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபிறகு முடியவில்லை. ரிங்கைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே அவளைக் கடலூருக்கு அழைத்துப் போனேன். கர்ப்பப்பையை எடுத்தாலும் சுற்றியுள்ள சதை தளர்ந்துதான் இருக்கும், சிலருக்குக் கர்ப்பப்பை இருந்த மேல்பக்கம் மறுபடி இறங்குவது உண்டு, இது யார் தப்பும் இல்லை என்று டாக்டர் அவளிடம் சொன்னார். அவளுக்கும் ஒரு ரிங் வைத்துப் பார்க்கலாம் என்றார். பயிற்சியைச் செய்துகாட்டச் சொல்லிச் சோதித்துவிட்டு, "பாருங்க, முதல் வாட்டியே சரியா புடிச்சிட்டாங்க" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அது பிடிபட எத்தனை மாதம் ஆயிற்று! என் டாக்டர், என் ரிங், இத்தனை நாளாக எனக்கென்று இருந்த ஒரே ரகசியம். அதிலும் முதல் மார்க் அவளுக்கு. எரிச்சலில் அவளுக்கு டீகூட வாங்கிக் கொடுக்காமல் பஸ் ஏற்றினேன். கிளம்பும்போது டாக்டர், "ரெண்டு பேரும் இனிமே கனம் தூக்கினா நான் வைக்கிற ரிங் நிக்காது" என்றார். அந்த ஒரு வரி வழியெல்லாம் என் காதில் இருந்தது. வீட்டில் இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது கிரைண்டர் ஓடி முடிந்திருந்தது. அத்தை அரிசியைப் போட்டு அரைத்து, அண்டாவில் வழித்தும் வைத்திருந்தார். நான் கைப்பையைக்கூட இறக்கவில்லை. "அத்த, எங்க ரெண்டு பேருக்குமே கர்ப்பப்பை பிரச்சினை. எனக்கு ரொம்ப நாளா இருக்கு. உள்ள ரிங் வெச்சிருக்கேன். இன்னையிலேர்ந்து அண்டாவத் தூக்க மாட்டோம்" என்றேன்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து அண்டாவின் காதைப் பிடித்தார்.

"அத்த, தூக்காதீங்க!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"விடுங்கடி" என்றார் அவர். "சின்னவன் பொறந்த கையோட நடவுக்குப் போனேன். அன்னைக்கு எறங்குனதுதான். துணியச் சுருட்டி வெச்சிக்கிட்டு இத்தினி வருஷம் ஓட்டிட்டேன். இனிமே எறங்கறதுக்கு எங்கிட்ட என்னா இருக்கு?"

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அத்தையின் கையை அண்டாவிலிருந்து பிரித்தேன். சின்ன மருமகளுக்கு அவர் ஏன் அப்படி ஓடி ஓடிச் செய்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வீட்டில் இனி நான் பொறாமைப்பட ஒரு பெண்கூடப் பாக்கி இல்லை.

அந்த நேரத்தில் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தும்மினார். ஒன்றல்ல, அடுக்கடுக்காக, வீடே அதிர்கிற மாதிரி. எங்களுக்கெல்லாம் தும்மல் வருகிறதென்றால் முதலில் காலைச் சேர்த்து இறுக்கிக்கொள்ள வேண்டும், கைக்கெட்டியதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு பாவாடை நனைந்ததா என்று பார்க்க வேண்டும். அவர் காலை அகட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தும்மி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சேனலை மாற்றினார். என் வாழ்நாளில் யார்மீதும் நான் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை.

"டிவிய நிறுத்திட்டு இங்க வாங்க" என்றேன். "வந்து இந்த அண்டாவத் தூக்குங்க."