வலது கண்ணில் மட்டும் மின்னல்

புளியமரத்தை அண்ணாந்து பார்த்து, இத்தனை மூட்டை தேறும் என்று சொல்லுகிற வேலையில் ஜவ்வாது மலையிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லத் தாமதமாவதால் நானே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாதம் மாடு மேய்த்ததுதான் அதிகம். புளியில் நான் சம்பாதித்ததெல்லாம் இந்த இரண்டு கண்ணால் சம்பாதித்தது.

எங்கள் பக்கம் தோப்பு எடுக்க ஒரு முறை இருந்தது. காய் முற்றும் காலத்தில், வாங்க வந்தவர்கள் எல்லாரும் மரத்தடியில் நிற்க வேண்டும். ஏறக் கூடாது, கிளையை உலுக்கக் கூடாது. தோப்புக்காரர் கேட்கும்போது மூட்டைக் கணக்கை ஒரே தடவை சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். யார் அதிகம் சொன்னாரோ தோப்பு அவருக்கு. சொன்னதில் பாதியைத் தோப்புக்காரருக்கு அளந்துவிட வேண்டும். கூடச் சொல்லி மாட்டிக்கொண்டால் வீட்டுப் பானையில் இருக்கிற புளியும் போகும். குறைத்துச் சொன்னால் தோப்பே போகும். ஆண்கள் பத்துப் பேருக்கு நடுவில் பொம்பளை நான் ஒருத்தி நின்று சொல்லுவேன். முதலில் சிரித்தார்கள். பிறகு நான் வாயைத் திறக்கும்வரை அவர்கள் திறப்பதில்லை.

எழுபத்தைந்து, எழுபத்தாறாம் வருஷ வாக்கில் என்று நினைக்கிறேன். எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. உறவு முறையில் மாமா ஒருவருடைய மரத்தடியில் அண்ணாந்து நிற்கிறேன். பளிச்சென்ற வானம். நடுக்கிளைக்குக் கீழே ஒரு புழு நூல் விட்டுத் தொங்குகிறது. புழு விழுந்த மரம் என்றால் கணக்கில் இரண்டு மூட்டை குறைய வேண்டும். அதைச் சொன்னேன். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஏறினார்.

"எங்கமே புழு?"

"நடுக்கிளையில மாமா."

"நடுக்கிளையில நான்தான் கீறேன்!"

"உங்க தலைக்கு மேல தொங்குது பாருங்க."

அவர் தலையைத் தடவிக்கொண்டு பக்கத்துக் கிளைக்குப் போனார். புழுவும் கூடவே போனது. அவர் இறங்கினார், புழுவும் இறங்கியது. கடைசியில் அவர் என் எதிரில் வந்து நிற்க, அவருடைய மூக்கின் மேல் புழு ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தெரிந்தது, புழு மரத்தில் இல்லை, என் கண்ணில் இருக்கிறது என்று. அதை அவரிடம் சொல்வேனா? "சரி மாமா, புழு இல்லேன்னே வச்சிக்கலாம்" என்று பெரிய மனசு பண்ணிவிட்டு வந்தேன்.

ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போன அன்று, என் வீட்டுக்காரர் என்னை அங்கிருந்த டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். கண்ணுக்குள்ளே நுங்கு மாதிரி ஒன்று இருக்கிறதாம். வயது ஆக ஆக அது கொஞ்சம் கரைந்து திரித்திரியாக மிதக்குமாம். அதன் நிழல்தான் பூச்சி மாதிரி தெரிகிறதாம். "இதுக்கு மருந்து வேணாம்மா, பழகிடும்" என்றார். மருந்து வேண்டாம் என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் எழுந்து சந்தைக்குப் போய்விட்டேன். அவர் அதற்கப்புறமும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் உட்கார்ந்து கேட்டார். அவர் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்கிற ஆள்.

டாக்டர் சொன்ன மாதிரியே பழகிவிட்டது. நான் சும்மா பழகவில்லை, வித்தையாகப் பழகினேன். மரத்தைப் பார்க்கும்போது பூச்சி குறுக்கே வந்தால் விழியை மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் உருட்டுவேன். அது நகர்ந்து ஓரமாகப் போய்விடும். அதற்குள் கிளையை எண்ணிவிடுவேன். வீட்டில் சாமை புடைக்கும்போது மட்டும் இல்லாத கல்லைப் பொறுக்கப் போய் விரல் வெறும் முறத்தைத் தட்டும். ஒரு வருஷத்தில் பூச்சி இருக்கிறதே மறந்துபோனது. ஆறேழு வருஷம் அப்படியே ஓடியது.

அப்புறம்தான் அந்த மாசிக் கடைசி. முந்திக் காய்த்த மரத்துப் பழமெல்லாம் ஓடு நீக்கி எங்கள் களத்தில் காய்கிறது. புளியில் ஒரு தூறல் பட்டாலும் கறுத்துப்போகும், தெரியும்தானே. உச்சி வெயில். நான் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வலப்பக்கம் பளீரென்று ஒரு மின்னல்.

"மழை வருது! புளிய மூடுங்க!" என்று கத்தினேன்.

நான் கத்தினால் கத்தினதுதான். களத்தில் இருந்தவர்கள் பாயும் சாக்குமாக ஓடிவந்து மூடினார்கள். மூடிவிட்டு அண்ணாந்து பார்த்தால் வானத்தில் கைக்குட்டை அளவுக்கு மேகம் இல்லை. என் நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இன்னா அண்ணி, வெயிலப் பாத்து மழைன்றீங்க?"

"மலைக்கு அந்தாண்ட மின்னிச்சிடி."

"அந்தாண்ட மின்னினா அந்தாண்ட இருக்கறவ மூடிக்குவா."

பாயை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மின்னல். மறுபடியும் கத்தினேன். இந்தத் தடவை ஒருத்தி கூட எழுந்திருக்கவில்லை. நானே சாக்கை எடுக்கக் குனிந்தேன். தாளிக்கிற சட்டியிலிருந்து கடுகு சிதறுகிற மாதிரி, வலது கண்ணுக்குள் கறுப்புக் கறுப்பாகப் பொரிந்து இறங்கியது. வலி ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வலது கண்ண மூடு. இப்ப மின்னுதா?"

"இல்ல."

"இடதை மூடு."

மின்னியது.

"மானத்துல மின்னினா ரெண்டு கண்ணுக்கும் தெரியணும். ஒத்தக் கண்ணுக்கு மட்டும் எங்கயாவது மழை பெய்யுமா? கெளம்பு, வேலூருக்குப் போலாம்."

"பழைய பூச்சிதாங்க, குட்டி போட்டிருக்கும். நாளைக்குப் பெரிய தோப்பு. அத முடிச்சிட்டு மறுநாள் போலாம்."

பெரிய தோப்பு என்றால் நாற்பது மரம், பிந்திக் காய்க்கிற சாதி. நான்கு வருஷமாக என் கையில் இருந்தது. கண்ணமங்கலத்து வியாபாரி ஒருவர் அதன் மேல் கண் வைத்திருந்தார். நான் வராவிட்டால் அவருக்குத்தான்.

"அந்த ஜமுனாமரத்தூர் டாக்டர் அன்னிக்கே சொன்னாரு" என்றார் இவர். "திடீர்னு நெறைய பூச்சி வந்தாலோ, மின்னினாலோ, தெர போட்ட மாதிரி மறைச்சாலோ அன்னிக்கே ஓடியாங்கன்னு. நீதான் சந்தையில வெங்காயம் பாக்கப் போய்ட்ட."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். நீ எப்ப கேட்ட?"

நான் வீறாப்பாக எழுந்து, கொல்லையில் இருக்கிற எங்கள் மரத்தைப் பார்த்தேன். இடது கண்ணால் பார்த்தேன், ஐந்து மூட்டை. வலது கண்ணால் பார்த்தேன், காயும் கடுகும் ஒன்றாகக் கலந்து ஆடியது. கணக்கு வரவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு மரம் எனக்குக் கணக்கு சொல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

"தோப்பு வர்ற வருசமும் காய்க்கும்" என்றார் அவர். "கண்ணு காய்க்குமா?"

அன்றைக்கு மலையடிவாரத்து அமிர்திக்கு நடந்து இறங்கிக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க நேரமில்லை. விடியும்போதே இறங்கினோம். பாதி வழியில் அந்தக் கண்ணமங்கலத்துக்காரர் எதிரே ஏறி வருகிறார்.

"இன்னாம்மா, தோப்பு மேல கீது, நீங்க கீழ எறங்குறீங்க?"

"இந்த வருசம் உங்களுக்கே வுட்டுட்டேன், போங்க. பாத்து சொல்லுங்க, கூடச் சொல்லிட்டு அழாதீங்க."

சொல்லிவிட்டேனே தவிர, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இறங்கினேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணில் மருந்து விட்டார்கள். கண்பாப்பா பெரிதாகி, உலகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போனது. டாக்டரம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேலே பார், கீழே பார், ஓரமாகப் பார் என்று கால் மணி நேரம் குடைந்தார்.

"வலி இருந்ததாம்மா?"

"துளி கூட இல்ல டாக்டர்."

"அதான் இதுல மோசம். வலிச்சிருந்தா நேத்தே ஓடி வந்திருப்பீங்க. கண்ணுக்குப் பின்னாடி சவ்வு கிழிஞ்சிருக்கு. இன்னும் பிரிஞ்சு வரல. பிரிஞ்சா திரை விழுந்த மாதிரி மறைக்கும், அப்புறம் பெரிய ஆபரேஷன். பார்வை முழுசா திரும்புமான்னு யாராலயும் சொல்ல முடியாது. எதுக்கு ஒரு நாள் தள்ளிப் போட்டீங்க?"

"பஸ்ஸு இல்ல" என்றேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

கிழிசலைச் சுற்றி வெளிச்சத்தாலேயே சுட்டு ஒட்டினார்கள். பச்சை வெளிச்சம் பட் பட்டென்று வெட்டியது; ஊசி குத்தின மாதிரி இரண்டு மூன்று இடத்தில் சுருக்கென்றது, அவ்வளவுதான். மூட்டை தூக்கக் கூடாது, சொன்ன நாளில் வந்து காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பினால், தோப்பு கண்ணமங்கலத்துக்காரருக்கு முடிந்திருந்தது. அவர் ஒன்றும் கூடச் சொல்லி மாட்டிக்கொள்ளவில்லை. சரியாகத்தான் சொல்லியிருந்தார். அதில்தான் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்போதிருந்து யார் கண்ணில் பூச்சி என்று வந்தாலும் நான் கேட்பேன். ஒன்றிரண்டா, ரொம்ப நாளாக இருக்கிறதா, அப்படியே இருக்கிறதா? சரி, ஒரு நாள் டாக்டரிடம் காட்டிவிட்டு வேலையைப் பார். திடீரென்று கூட்டமாக வந்ததா, மின்னுகிறதா, ஒரு பக்கம் மறைக்கிறதா? என்னிடம் பேசிக்கொண்டு நிற்காதே, பஸ்ஸுக்குப் போ.

மறுபடி காட்டப் போன அன்று, டாக்டரம்மா உள்ளே எல்லாம் பார்த்து, நன்றாக ஒட்டிக்கொண்டது என்றார். கடுகில் பாதி கீழே படிந்துவிட்டது, மீதி மிதந்துகொண்டுதான் இருக்கும், பரவாயில்லை என்றார். பிறகு இடது கண்ணைக் கையால் மூடச் சொல்லி, விரலைக் காட்டினார். "எத்தனை?"

"மூணு."

"இது?"

"ரெண்டு. டாக்டர், இன்னா இது, சின்னப் புள்ளைக்குக் காட்டுற மாதிரி? உங்க வலது காதுத் தோட்டுல கீழ் வரிசையில ஒரு கல்லு இல்ல, பாத்தீங்களா?"

அவர் சட்டென்று காதைத் தொட்டுப் பார்த்தார். தோட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் குனிந்து மேஜைக்கு அடியில் தேட ஆரம்பித்தார். நான் இடது கண்ணை மூடிய கையை எடுக்கவே இல்லை. ஒற்றைக் கண்ணாலேயே நானும் தரையில் தேடினேன்.