பெரியவனுக்கு மட்டும் உறைந்த ரத்தம்

பெரியவனுக்கும் சின்னவனுக்கும் மூன்று வயது வித்தியாசம். நோய் மட்டும் ஒன்றேதான். அடிபட்டால் ரத்தம் உறையாது. உறைய வைக்கும் புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணு இருவரிடமும் பழுது. அம்மா வழியாக வந்தது. அம்மாவை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டு, பெற்ற பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. அம்மாவின் தம்பி பல் பிடுங்கப் போன இடத்திலேயே போய்ச் சேர்ந்தவர். அதனால் பிள்ளைகள் தவழத் தொடங்கியதுமே அம்மா மேசை முனைகளுக்கெல்லாம் பழைய துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

மாமா காலத்தில் இல்லாத மருந்து இவர்கள் காலத்தில் வந்திருந்தது. நல்ல மரபணுவின் பிரதியை எடுத்து வேறோர் உயிரணுவுக்குள் வைத்து, அந்த உயிரணுக்களைத் தொட்டிகளில் வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைத் தூளாக்கிக் குப்பியில் அடைத்தார்கள். வாரத்துக்கு இருமுறை அதைக் கரைத்து நரம்பில் ஏற்ற வேண்டும். மீசை முளைக்கும் முன்பே ஒருவர் கையில் மற்றவர் ஊசி போடப் பழகிவிட்டார்கள். சின்னவனின் இடக்கை நரம்பு நழுவும் என்று அண்ணனுக்குத் தெரியும். ஊசியைக் கண்டால் பெரியவன் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பிப்பான் என்று தம்பிக்குத் தெரியும். மூட்டுக்குள் ரத்தம் கசிந்தால் ஐஸ் பை. குளிர்சாதனப் பெட்டியில் மருந்தும் ஐஸும் போக மிச்சமிருந்த மூலையில்தான் குழம்புக்கு இடம்.

பெரியவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். திருகாணி முடுக்குவது, மூக்குப்பட்டை மாற்றுவது அவன் பாடு. லென்சைத் தேய்க்கும் சக்கரத்தின் பக்கம் முதலாளி அவனை அண்டவிட்டதில்லை. சின்னவன் வீட்டிலிருந்தபடியே பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்தான். தவளையின் வயிற்றையும் செம்பருத்தியின் சூலகத்தையும் அவன் வரைந்தால், பதிப்பகத்தில் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து இருவரையும் கூப்பிட்டார்கள். புதிய சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்க்கப்போகிறார்கள், விருப்பமிருந்தால் சேரலாம். அங்கிருந்த செவிலியர் பொறுமையாக விளக்கினார்.

"ஒரு வைரஸ எடுத்து, அதுக்குள்ள இருக்கறத காலி பண்ணிடுவாங்க. வெறும் ஓடுதான் மிச்சம். சரியான மரபணுவ அந்த ஓட்டுக்குள்ள வச்சு ரத்தத்துல விடுவாங்க. அது கல்லீரலுக்குப் போய் இறக்கி வச்சிடும். அப்புறம் உங்க கல்லீரலே அந்தப் புரதத்தச் செஞ்சுக்கும்."

நோயைத் தரும் வேலை அந்த ஓட்டுக்குக் கிடையாது, சுமை தூக்கும் வேலை மட்டும்தான் என்றார். இருவரும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். முடிவு வந்தபோது பெரியவனுக்குச் சரி, சின்னவனுக்கு இல்லை. அந்த வைரஸின் சொந்தக்கார வைரஸ் ஏதோ ஒன்று எப்போதோ சின்னவன் உடம்புக்குள் வந்துபோயிருக்கிறது. அதை அடையாளம் கண்டு அடித்து விரட்டும் எதிர்ப்பொருள் அவன் ரத்தத்தில் நிறைய இருந்தது. மருந்தை ஏற்றினாலும் கல்லீரல் போய்ச் சேரும் முன்பே அழிந்துவிடும்.

பெரியவனுக்குப் பழசு ஒன்று நினைவுக்கு வந்தது. சிறுவயதில் ஒரு மழைக்காலத்தில் பள்ளியிலிருந்து சளியைக் கொண்டுவந்து தம்பிக்கு ஒட்டவைத்தது அவன்தான். அந்தச் சளிதானா என்று செவிலியரிடம் கேட்டான். இந்த வைரஸ் வந்தது யாருக்குமே தெரியாது, காய்ச்சல்கூட வராது, எப்போது யாரிடமிருந்து என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது என்றார் அவர். பெரியவன் காதில் அது ஏறவில்லை. தானும் சேரப்போவதில்லை என்று அன்றே சொன்னான்.

சின்னவன் வரைந்துகொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான். "நீ வேண்டாம்னா அது எனக்குக் கிடைச்சிடுமா?"

பெரியவன் சேர்ந்தான்.

ஒரு பிற்பகல் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். எதுவும் தெரியவில்லை, பசித்தது, அவ்வளவுதான். அடுத்தடுத்த பரிசோதனைகளில் அந்தப் புரதம் அவன் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனது. பிறகு ஒரு நாள் கடையில் உடைந்த லென்சின் விளிம்பு கட்டைவிரலைக் கிழித்தது. முதலாளி பதறிப்போய் ஆட்டோ பிடிக்க ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள், பஞ்சு வைத்து அழுத்திய இடத்தில் ரத்தம் நின்றிருந்தது. பெரியவன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சந்தோஷம் தொண்டை வரை வந்தது. வந்த வேகத்திலேயே, யார் வீட்டுப் பொருளையோ எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டவன் மாதிரி கூசிப்போனான். வீட்டுப் படியேறும் முன் விரலில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்தெறிந்துவிட்டான்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது நடிப்பு. மருந்து கொஞ்சம்தான் வேலை செய்கிறதாம் என்று வீட்டில் சொன்னான். ஊசியை மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்வதாகச் சொன்னான். தேய்ந்த மூட்டை இந்தச் சிகிச்சை சரிசெய்யாது என்பதால் கொஞ்சம் நொண்டல் உண்மையாகவே மிச்சமிருந்தது. அதை அவன் ஊதிப் பெரிதாக்கினான். மாலையானால் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்காத முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டான். முதலாளி அவனைச் சக்கரத்தில் உட்காரவைத்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைக்குப் பின்னாலிருந்த சந்தில், முப்பத்தைந்து வயதில், சைக்கிள் கற்றுக்கொண்டான். இரண்டு முறை குப்பைத் தொட்டியில் மோதி விழுந்தான். முழங்கை சிராய்த்தது, காய்ந்தது. யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சிரித்துக்கொண்டான். வீடு நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பும் வடிந்துவிடும்.

தம்பிக்கான குப்பிகளை மருத்துவமனை மருந்தகத்திலிருந்து வாங்கி வருவது எப்போதும் அவன் வேலை. தனக்கும் தேவைப்பட்டவரை அது மறந்ததே இல்லை. இந்தத் தடவை மறந்துபோனான். மறந்ததுகூட அவனுக்குத் தெரியாது. கடையில் இருந்தபோது அம்மாவிடமிருந்து போன் வந்தது. சின்னவன் கதவு நிலையில் வலது முழங்கையை இடித்துக்கொண்டானாம், மூட்டு வீங்குகிறதாம். மருந்துப் பெட்டியைத் திறந்தால் காலி.

பெரியவன் கடைப்பையனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விட்டான். மருந்தகத்தில் வரிசை நின்றது. சீட்டு எழுதும் மருத்துவர் வார்டுக்குப் போயிருந்தார். குப்பிகளை வாங்கிக்கொண்டு அவன் தெருவுக்குள் திரும்பியபோது வெகு நேரமாகிவிட்டிருந்தது. சின்னவன் ஜன்னலோரம் கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். அண்ணன் சைக்கிளில் எழுந்து நின்று மிதித்து வருவதையும், வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி வருவதையும் பார்த்தான்.

பெரியவன் அவசர அவசரமாக மருந்தைக் கரைத்து இடக்கையில் ஊசியைக் குத்தினான். நழுவும் நரம்பு நழுவியது. இரண்டாம் குத்தில்தான் உள்ளே போனது.

"நான் மறந்துட்டேன்டா," என்றான்.

"சரி."

"எனக்கு வேண்டாம்னு ஆனதும் மறந்துட்டேன். அவ்வளவுதான். வேற காரணம் இல்ல."

வலியில் உதட்டைக் கடித்திருந்த சின்னவன் சொன்னான்: "உனக்கு முட்டி வலிக்கலன்னு எனக்கு எப்பவோ தெரியும்ணா. ஐஸ் பைய நீ தலைகீழா, மூடி முட்டியில படற மாதிரி வைக்கற. குளிர்ச்சியே படாது. நானும் சொல்லிடுவான், சொல்லிடுவான்னு பாத்துட்டே இருந்தேன்."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"உனக்கு நல்லானது எனக்குக் கஷ்டமா? என்ன நீ அவ்வளவு அல்பமா நெனச்சியா? இந்த வீட்டுல ஒருத்தன் சைக்கிள் ஓட்டறான். அத நான் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஜன்னல்ல நின்னு பாக்கணுமா?"

மருந்தை மறந்ததற்கு அவன் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று பெரியவனுக்குத் தோன்றியது. சமையலறையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிள்ளைகளுக்கு நோயைக் கொடுத்தது தான்தான் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள். அந்தச் சுமையில் பாதியை அன்று பெரியவன் வாங்கிக்கொண்டான்.

வீக்கம் வடிந்தது. ஆனால் அந்த முழங்கை அதன்பிறகு முழுதாக நீளவில்லை. சீக்கிரம் மருந்து போயிருந்தால் நீண்டிருக்குமா என்று பெரியவன் செவிலியரிடம் கேட்டான். இருக்கலாம் என்றார், பொய் சொல்லத் தெரியாதவர். வேறு வகை வைரஸ் ஓட்டை வைத்து இன்னொரு சோதனை வரக்கூடும் என்றும், சின்னவனை நினைவில் வைத்திருப்பதாகவும் சொன்னார். அது எப்போது என்று அவருக்கும் தெரியாது.

சின்னவன் இப்போதும் வரைகிறான், மெதுவாக. கோடுகள் அவனுடையவை. அகலமான இடங்களுக்கு வண்ணம் தீட்டுவதை விடுமுறை நாட்களில் பெரியவன் செய்கிறான். அது அவனுக்குக் கைவரவே இல்லை.

"அண்ணா, அது இலை. நீ செருப்புக்குப் பாலிஷ் போடற மாதிரி தேய்க்கற," என்பான் சின்னவன்.

பெரியவன் வேறு தாளில் மறுபடி ஆரம்பிப்பான். தம்பி பாதியில் தூரிகையை வைத்துவிட்டு முழங்கையை மடியில் இறக்கும்போது மட்டும், தண்ணீர் மாற்றி வருவதாகச் சொல்லிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான். குழாயடியில் தண்ணீர் நிரம்பி வழியும்வரை நின்றுவிட்டுத்தான் வருவான்.