பாதிக் கட்டுக் கீரை

மாலையில் மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறும் அந்த மனிதர், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு, மடியில் செய்தித்தாள் விரித்து முருங்கைக்கீரை ஆய்வார். பாதிக் கட்டு முடிந்ததும் நிறுத்திவிடுவார்.

ஒருநாள் எதிரே இருந்த ஆள், "இன்னா சார், வீட்ல மீனாட்சி ஆட்சியா?" என்று இளித்தான். பெட்டியே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீரை ஆய்ந்தால் மீசை உதிர்ந்துவிடுமா?

அவர் நிமிரக்கூட இல்லை. "மீதிய பொண்ணோட உக்காந்து ஆயணும் சார். அப்பதான் அவ ஸ்கூல் கதையெல்லாம் சொல்லுவா. மொத்தத்தையும் இங்கயே முடிச்சிட்டா, என் பக்கத்துல எதுக்கு உக்காருவா?"

இளித்தவனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தேன். என் மகள் காபியை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள்.