ஒன்பதாவது அடியழிப்பு

என் மனைவியின் முள்ளந்தண்டில் இரண்டு எலும்புகள் நசிந்துபோயிருப்பதை டொக்டர் எங்களுக்குக் காட்டியது மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, வவுனியாவில். அவள் விழவில்லை. தண்ணீர் வாளியைத் தூக்கும்போது முதுகுக்குள் ஏதோ ‘மளுக்’ என்றது என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஊரில் எலும்புத் தேய்வு என்று சொல்வது மூட்டு நோவைத்தான். இது வேறு. எலும்பு உள்ளே பொள்ளலாகிக்கொண்டு போகும். முறியும்வரை ஒரு நோவும் காட்டாது.

இதற்குக் கிழமைக்கு ஒன்று போடும் குளிசை உண்டென்று வாசித்து, பெயரையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். டொக்டர் இரத்தப் பரிசோதனைத் துண்டை என் பக்கம் திருப்பி வைத்தார். அவளுடைய சிறுநீரகங்கள் ஏற்கெனவே பழுது. எங்கள் பக்கத்தில் பலருக்கும் அப்படித்தான், அது புதினமில்லை.

“இந்தக் குளிசை இவவுக்குச் சரிவராது, ஐயா. சாப்பாடு, நடை, காலை வெயில். விழக்கூடாது, குனியக்கூடாது. அவ்வளவுதான் எங்கட கையில இருக்கு.”

குனியாமல் இருப்பது எப்படி என்று பழக்கிவிட்டது பிசியோதெரபி செய்யும் ஒரு பிள்ளை.

“அம்மா, நிலத்தில காசு விழுந்து கிடந்தாலும் இடுப்பை வளைக்கக்கூடாது. முழங்காலைத்தான் மடக்க வேணும்.”

“ஐயாயிரம் ரூபாத் தாள் எண்டால்?”

“ஐயாவைக் குனியச் சொல்லுங்கோ.”

“அப்ப காசு என்ர கைக்கு வந்த மாதிரித்தான்” என்றாள் மனைவி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் குசினி அடுப்பைச் சீமெந்து மேடைக்கு ஏற்றினேன். விளக்குமாற்றுக்கு நீட்டுத் தடி கட்டினேன். கால் தடுக்கும் பாய்களைச் சுருட்டிப் பரணில் போட்டேன். காலையில் இருவரும் வாய்க்கால் கரையில் இரண்டாம் மதகுவரை நடந்து திரும்பினோம். நெத்தலியும் முருங்கையிலையும் கிளினிக்கில் சொன்ன அளவுக்கு மேற்படாமல் சமைத்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை அவள் ‘ஆமி ட்ரில்’ என்று திட்டித் திட்டிச் செய்தாள். எந்த நாள் எவ்வளவு என்று நான் எழுதி வைத்தேன்.

திருவிழாவைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்த வருடம் அவள் அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். நான் உயிரோடு வீடு வந்தால் ஒன்பது தேருக்கு அடியழிக்கிறேன் என்று. அடியழிப்பது என்றால், தேருக்குப் பின்னால் ஒவ்வொரு அடிக்கும் முழந்தாளிட்டு, நெற்றி மணலில் படக் கும்பிட்டு, எழுந்து அடுத்த அடி வைத்து, கோயில் வீதியைச் சுற்றி வருவது. ஒரு வருடம் பின்னால் நடந்து எண்ணிப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை குனிந்தாள். பிசியோ பிள்ளையிடம் இதைச் சொன்னபோது அவள் பேனையை மேசையில் வைத்துவிட்டாள். “ஐயா, எலும்பு முறிய ஒருக்காக் குனிஞ்சாலே காணும்” என்றாள்.

கொரோனாவால் இரண்டு வருடம் அடியார்களை உள்ளே விடவில்லை. என் தமக்கை இறந்த வருடம் துடக்கு, கோயிலுக்குப் போகக்கூடாது. இடையில் மூன்று தேர் தவறியதால் மனைவிக்கு எண்ணிக்கை குழம்பியிருந்தது. எனக்குக் குழம்பவில்லை. ஒவ்வொரு தேரையும் எழுதி வைக்கும் என் கொப்பியில் எட்டு இருந்தது.

சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, குரக்கன் புட்டு அவித்துக்கொண்டு நின்றவள் கேட்டாள்.

“இஞ்சருங்கோ, எத்தினை முடிஞ்சுது?”

“எது?”

“எதெண்டு தெரியாதாக்கும். அடியழிச்சது. எனக்கு எட்டெண்டுதான் மனசில கிடக்கு.”

கொப்பியை எடுத்து வந்து அவளுக்கு முன்னால் பக்கங்களைப் புரட்டினேன்.

“ஒன்பது” என்றேன். “போன வருஷத்தோட முடிஞ்சுது.”

“வடிவாப் பாருங்கோ.”

“பாத்திட்டன். கொரோனாவுக்குப் பிறகு வந்த முதல் தேரை நீர் எண்ணாமல் விட்டிட்டீர்.”

அவள் புட்டுக்குழலைக் கையில் பிடித்தபடி விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். “உங்கட கொப்பி பிழைக்காது” என்றாள்.

நான் இருபத்தெட்டு வருடம் குளத்தின் நீர்மட்டத்தை எழுதும் வேலை செய்தவன். காய்ச்சலோடு மழையில் போன நாட்களிலும், கண்ணால் காணாத மட்டத்தை எழுதியதில்லை. அவளுக்கு அது தெரியும். அதனால்தான் என்னை நம்பினாள்.

வைகாசித் தேரன்று அவள் வடக்கு வீதியில் நிமிர்ந்து நின்று கும்பிட்டாள். அடியழிக்கும் பெண்கள் வரிசையில் இருந்த ஒருத்தி மணலோடு நிமிர்ந்து, “என்னக்கா, இந்த முறை லீவோ?” என்றாள்.

“லீவில்லையடி, ரிட்டயர்ட். இனிப் பென்சன்தான்” என்று சிரித்தாள் மனைவி.

அந்தச் சிரிப்பை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை விடியற்காலை, அவள் படுக்கையில் இருந்தபடி இருமினாள். அவ்வளவுதான். மூன்றாவது எலும்பும் போய்விட்டது. இந்த நோயில் எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் இப்படி நடப்பதுண்டு என்று டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அவளுக்கு அது போதவில்லை. மல்லாந்து படுத்தபடி முகட்டைப் பார்த்துச் சொன்னாள்:

“நேர்த்தி முடிச்சாச்சு. குனியவும் இல்லை. உங்கட கண்டறியாத ட்ரில் முழுக்கச் செய்தன். பிறகேன் அம்மன் என்னைப் போட்டு முறிக்கிறா? நான் என்ன குறை வைச்சனான்?”

உண்மையைச் சொன்னால், குறை வைத்தது நான் என்று தெரிந்து ஒருவேளை மனம் ஆறுவாள். ஆனால் அடுத்த வைகாசியில் இந்த முதுகோடு மணலில் இறங்குவாள். அவளைத் தடுக்க என்னால் முடியாது. சொல்லாவிட்டால், செய்ய வேண்டியதெல்லாம் செய்தும் அம்மன் கைவிட்டாள் என்ற எண்ணத்தோடு படுத்துக் கிடப்பாள். என் உயிருக்காக வைத்த நேர்த்தி இது. இரண்டு நாள் யோசித்தேன். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் அவளே கேட்டாள். “அந்தக் கொப்பியை முதலில இருந்து வாசியுங்கோ. எங்க பிழைச்சதெண்டு பாப்பம்.”

வாசித்தேன். ஒவ்வொரு தேருக்கும் நாள், வெயிலா மப்பா, தேர் எத்தனை மணிக்கு இழுத்தது, சுற்றி முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் சென்றது. ஐந்தாவது வருடம் முழங்கால் உரஞ்சி இரத்தம் வந்திருந்தது, அதையும் வாசித்தேன். எட்டாவது முடிந்தது. கொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதே குரலில், வெறும் தாளைப் பார்த்து வாசித்தேன்.

“வைகாசி, திங்கட்கிழமை. வெயில் கடுமை. ஏழரைக்குத் தேர் இழுத்தது.”

அவள் கண்ணை மூடியிருந்தாள். “அண்டைக்கு முழங்கால் உரஞ்சி இரத்தமெல்லோ வந்தது. அதை எழுதேல்லையோ?”

நோவு மருந்தின் மயக்கத்தில் இரண்டு வருடங்களைக் கலந்துவிட்டாளா, நான் தடுமாறுவதைக் கண்டு கை கொடுத்தாளா, எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவில்லை.

“எழுதியிருக்கு” என்றேன்.

“அப்ப சரி. என்னைச் சுவர்ப்பக்கம் பிரட்டிவிடுங்கோ.”

பிசியோ பிள்ளை காட்டித் தந்தபடி, உடம்பு முறுகாமல், தோளையும் இடுப்பையும் ஒன்றாகப் பிடித்து மெல்லப் பிரட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். முகம் சுவருக்குத் திரும்பிய பிறகு சொன்னாள்:

“அப்ப அம்மன்தான் எண்ண மறந்திட்டா போல.”

தலையணையை அவள் முதுகுக்கு அணைவாக வைத்துவிட்டு, கட்டிலருகில் நின்றேன்.