ஊர்க்காட்டுக்கு நிறம் கொடுத்தவர்

வெள்ளாங்குளத்துக் காட்டுக்குள் ஒரு பாலை மரத்தைச் சுற்றி அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. அந்தப் பக்கத்தில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த இடத்தில் இப்படி ஒரு செய்தி வந்து சேர்ந்தது. பேசியவர் நசீமா மிஸ்ஸின் மூத்த சகோதரர் றஹீம் நானா.

"சிவா, தங்கச்சி மௌத்தாப் போயிட்டா. சுபஹுக்குப் பிறகு. அஸரோட அடக்கம். வாங்கோ."

அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு உயிர் போயிருந்தது, பின்னேரத் தொழுகையோடு அடக்கம். சில மாதங்களாகவே எதிர்பார்த்த செய்திதான். புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவரே எங்களைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார். ஆனாலும் நாடாவில் இருந்த எண்ணை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. அந்த மரத்தின் சுற்றளவைப் பதிந்துவிட்டுத்தான் புறப்பட்டேன். பாதியில் விட்ட அளவு அளவே இல்லை என்பது அவருடைய கட்சி. அன்றைக்கு அதை மீற எனக்கு மனம் வரவில்லை. வழியில் என் சொந்த ஊரான இலுப்பைக்கடவையில்கூட வண்டியை நிறுத்தாமல், அவருடைய ஊர் இருக்கும் முசலிப் பக்கம் ஓடினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நசீமா மிஸ் எங்கள் கந்தோரில், அதாவது காடுகளை அளக்கும் அலுவலகத்தில், செய்மதி விண்ணிலிருந்து எடுக்கும் படங்களை ஆராய்ந்தவர். மரங்கள் காற்றிலிருந்து எடுக்கும் காபனைத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கின்றன. மன்னார்க் கரையோரக் காடுகளில் அந்தச் சேமிப்பு ஆண்டுக்காண்டு கூடுகிறதா குறைகிறதா என்று கண்டு சொல்வதே எங்கள் வேலை. செய்மதி மேலிருந்து பார்க்கும். நான் கீழே நின்று மரங்களை அளப்பேன். இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவு சொல்பவர் அவர். நாங்கள் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள்தான். ஆனாலும் அவர் எனக்குக் கடைசிவரை மிஸ். நான் அவருக்குச் சிவா.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கரையோரக் காட்டில் பாதி அழிந்துவிட்டதாகக் கந்தோரில் ஒரே அமளி. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் இஞ்சிப் பிளேன்ரீயை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"ஒரு மனிசனைப் பெருநாள் விருந்து முடிய நிறுக்கிறது, பிறகு அடுத்த நோன்பு முடியிற நேரம் நிறுக்கிறது. ஆள் மெலிஞ்சு போனான், நோய் எண்டு சொல்லுவீங்களோ? இந்தப் பழசு மாரிப் படம். அந்தப் புதுசு கோடைப் படம். காடு நோன்பு பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

அதன் பிறகு எங்கள் கந்தோரில் ஒரே பருவத்துப் படங்களை மட்டுமே ஒப்பிட்டோம். யாராவது தவறினால், "நோன்புப் படமோ?" என்று கேட்டுச் சிரிப்போம். இந்துவான நானும் அந்தச் சொல்லை எழுத்தில்கூடப் பயன்படுத்தி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

அவருடைய உண்மையான போராட்டம் பிறகுதான் வந்தது. முசலிக் கரையோரத்தில் காபன் சேமிப்பு மிக வேகமாகக் கூடியிருப்பதாக எங்கள் படம் காட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பகுதி முழுவதையும் மூடிய காடாக்கி, ஆட்கள் நுழையாமல் வேலி போட்டுக் காப்பாற்றலாம் என்று திட்டத் தலைவர் சொன்னார். கெட்ட மனிதர் அல்லர். காட்டின் மேல் உண்மையான பற்றுக் கொண்டவர்.

மிஸ் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவருடைய ஊரும் அதற்குள்தான் இருந்தது. போர்க்காலத்தில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, சிறுமியாக ஊரோடு துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்தவர் அவர். ஊர்ச்சனத்தில் சிலர் திரும்பி வந்து, ஊரின் விளிம்பில் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். மற்றவர்கள் வரக் காத்திருந்தார்கள். வேலி வந்தால் அந்தக் கதை முடிந்துவிடும்.

ஆண்டு வாரியாகப் படங்களைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாருங்கோ சிவா. மரமெல்லாம் ஒரே காலத்தில முளைச்சிருக்கு. எப்ப முளைச்சது? நாங்க போன பிறகு. இது காடு வளந்த கதையில்லை. ஊர் போன கதை."

"அதை எப்பிடி மிஸ் நிரூபிக்கிறது?"

"நடந்து."

நடந்தோம். அளப்பதற்கான இடங்களைக் கணினி எந்த ஒழுங்குமில்லாமல் எழுந்தமானமாகத் தெரிவு செய்திருந்தது. அதில் ஒன்று முள்ளுப் புதராக அடர்ந்த உடைமரப் பற்றைக்குள் இருந்தது. கத்தியால் வழி வெட்டிக்கொண்டு நான் முன்னால் போனேன். முள் கிழித்துச் சட்டை நாசம். திடீரென்று பின்னால் மிஸ் தெளிவான குரலில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே போட்டுவிட்டு, சட்டையை இழுத்துவிட்டு, நாலு பக்கமும் பார்த்தேன். ஒரு குருவியைக்கூடக் காணவில்லை.

"ஆரோடை மிஸ் கதைக்கிறியள்?"

"ஊர்ச்சனத்தோட."

அவர் காட்டிய இடத்தில், வேர்களுக்கிடையில், சாய்ந்தும் நிமிர்ந்தும் மீசான் கற்கள் நின்றன. கப்றுகள் என்னும் புதைகுழிகளின் தலைமாட்டில் நடும் கற்கள். அது மிஸ்ஸின் ஊர் மையவாடி, இறந்தவர்களை அடக்கும் இடம். மையவாடிக்குள் நுழைகிறவர்கள் அங்கே கிடப்பவர்களுக்கு முதலில் சலாம் சொல்ல வேண்டும் என்று அவர்தான் எனக்கு விளக்கினார். செய்மதியின் படத்தில் அந்த இடம் வேறெந்தக் காட்டையும் போலவே பச்சையாகத்தான் இருந்தது. மிஸ் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாடாவை எடுங்கோ. மரத்தையும் அளப்பம், அதுகளும் உண்மைதானே" என்றார்.

அன்றைக்குப் பிறந்த சொல்தான் ஊர்க்காடு. காடு, பற்றை, வயல் என்று படத்தில் இருந்த வகைகளோடு அதையும் சேர்த்து, வேப்பம்பழ மஞ்சள் நிறத்தைக் கொடுத்தார். ஊர் இருந்து, சனம் போன பிறகு மரம் மூடிய நிலம் என்று அதற்கு விளக்கமும் எழுதினார்.

தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. "காடெண்டால் காடுதான் மிஸ். செய்மதிக்கு ஊர் தெரியாது."

"செய்மதிக்குத் தெரியாததைச் சொல்லத்தானே சேர் எங்களுக்குச் சம்பளம்."

"உங்கட ஊர் எண்டபடியால் சொல்லுறியள் எண்டு நாளைக்கு ஆராவது கேப்பினம்."

அந்தக் கேள்வி அவரைச் சுட்டது. எழுந்து தன் மேசைக்குப் போனார். இடப்பெயர்வுக்கு முந்திய பழைய வான்படங்களைத் தேடி எடுத்து, கரையோரம் முழுவதையும் துண்டு துண்டாக ஒப்பிட்டார். கிணறும் வீட்டு வளவும் தெரிந்த இடமெல்லாம் மஞ்சள். அப்போதே பெருமரங்கள் நின்ற இடமெல்லாம் பச்சை. மஞ்சளா பச்சையா என்று ஐமிச்சமான இடங்களுக்கு என்னை அனுப்பினார். முடிந்தபோது தானும் வந்தார். சிகிச்சைக்குப் போய் வந்த வாரங்களிலும் நிறுத்தவில்லை. ஓய்வெடுக்கச் சொன்னால், "படுத்தால் நோய்தான் நினைவு வருது. படத்தைப் பாத்தால் ஊர் நினைவு வருது. எது நல்லம்?" என்று மடக்கிவிடுவார்.

அப்படித் தேடியதில் அவருடைய வாப்பாவின் காணியும் வந்தது. ஊருக்குக் கிழக்கே இருந்த அந்தத் துண்டைக் குடும்பம் தங்கள் தோட்டம் என்றே சொல்லி வந்தது. பழைய வான்படத்தில் அங்கே தோட்டம் இல்லை. பாலையும் வீரையும் நெருங்கிய அசல் காடு. நான் போய் அளந்தேன். ஊரை விடவும் மூத்த மரங்கள். வந்து அந்த அளவுகளை அவர் மேசையில் வைத்தேன். அவர் கையோடு அந்தத் துண்டுக்குப் பச்சை அடித்தார்.

விஷயம் அறிந்து றஹீம் நானா கந்தோருக்கே வந்துவிட்டார். "வாப்பாட காணியை நீயே காட்டுக்குக் குடுத்துட்டியா?"

"அது வாப்பா வெட்டித் துப்பரவாக்கப் போறன் எண்டு சொன்ன காணி நானா. ஆக்கேல்லை. மற்ற ஆக்களிட வளவுக்கு மஞ்சள் அடிக்கிற கை, எங்கட காட்டுக்கும் மஞ்சள் அடிச்சா, முழுப்படமும் பொய்யாப் போயிரும்."

நானா கதிரையைத் தள்ளிவிட்டுப் போனார். அதன் பிறகு வெகுகாலம் தங்கையோடு பேசவில்லை. மிஸ் அதைப் பற்றி எங்களிடம் குறைப்பட்டதில்லை. ஆனால் பெருநாளன்று நானா வீட்டிலிருந்து வட்டிலப்ப இனிப்பு வரவில்லை என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

இறுதிக் கூட்டத்தில் தலைவர் அந்தப் பச்சைத் துண்டில் விரலை வைத்தார். யாருடைய காணி என்று அவருக்கு நான் சொல்லியிருந்தேன். "தன்ர குடும்பத்துக்கே விட்டுக்குடுக்காத ஆளின்ர படத்தில நான் என்னத்தை ஐமிச்சப்படுறது?" என்றார். மூடிய காட்டின் எல்லை மாறியது. மஞ்சள் நிலங்கள் வேலிக்கு வெளியே வந்தன.

அதோடு மிஸ் ஓய்ந்துவிட்டார் என்று நினைத்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம். சனம் திரும்பி வந்து, மையவாடியை இயந்திரம் விட்டு வழிக்கப் போனபோது குறுக்கே நின்றவரும் அவர்தான். "நாங்க இல்லாத காலமெல்லாம் மௌத்தானவங்களுக்கு நிழல் குடுத்தது இந்த மரங்கள். முள்ளை வெட்டுங்கோ, நடக்கப் பாதை எடுங்கோ. மரத்தில கை வைக்காதீங்கோ." அதிகாரிகளுக்கு அவர் ஊர்க்காரி, ஊருக்கு அவர் காட்டுக்காரி. இரண்டு பக்கத்தாலும் பேச்சு வாங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். நோயிலும் அவருடைய பிடிவாதம் குறையவில்லை. அதை நான் இப்போது பெருமையாகவே எழுதுகிறேன்.

அந்த மையவாடியில்தான் அவரை அடக்கினார்கள். குழி வெட்ட வந்தவர்கள் ஒரு வேம்பின் தடித்த வேர் குறுக்கே கிடப்பதைக் கண்டு கோடரியை ஓங்கினார்கள். றஹீம் நானா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"வேரை வெட்டாதீங்கோ! தள்ளித் தோண்டுங்கோ. அவ எழும்பி வந்து ஏசுவா."

சொல்லிவிட்டு அந்த மரத்தையே கட்டிக்கொண்டு அழுதார். குழியைத் தள்ளித் தோண்டினார்கள். அந்த வேம்பு எங்கள் அளவெடுப்பில் இருக்கும் மரம். அதன் தண்டில் என் கையால் அடித்த தகர இலக்கம் இன்னும் இருக்கிறது.

எல்லோரோடும் சேர்ந்து நானும் மூன்று பிடி மண் போட்டேன். துஆப் பிரார்த்தனை முடிந்து சனம் கலைந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த தலைவர் எனக்காக வாசலில் காத்து நின்றார். நான் திரும்பி, ஈரமண்ணைப் பார்த்து, எனக்கு வந்த உச்சரிப்பில், "அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ்" என்றேன்.

"ஆரோடை கதைக்கிறீர்?" என்று தலைவர் கேட்டார்.

"ஊர்ச்சனத்தோடை சேர்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வருகிற கோடையில், அதே பருவத்தில், நாடாவோடு வருவேன். உங்கள் தலைமாட்டு வேம்பு எவ்வளவு பருத்திருக்கிறது என்று அளந்து, உங்களுக்குக் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன். போயிட்டு வாறன் மிஸ்.