அக்காவா, மாமியாரா?

போன வியாழக்கிழமை என் கூடப்பிறந்த அக்காவை டெலிட் செய்தேன். பதறாதீர்கள்... கம்ப்யூட்டரில்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஏழெட்டு ஃப்ளாப்பியில் புது சாஃப்ட்வேர் ஒன்று வந்திருக்கிறது. ஆன்டாலஜி எடிட்டர் என்று பெயர். பேர்தான் பயங்கரம் — எது எதன் வகை, யாருக்கு யார் என்ன உறவு என்று கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுக்கும் கருவி, அவ்வளவுதான். திங்கட்கிழமை வெளிநாட்டு கஸ்டமர் முன்னால் அதில் ஏதாவது கட்டிக் காட்ட வேண்டும். சொதப்பினால் புராஜெக்ட் வேறு ஆளுக்கு.

'ஏதாவது' என்றால்? யோசிக்கச் சோம்பல். என் குடும்பத்தையே ஏற்றினேன்.

சிவப்பு எழுத்தில் எகிறியது: ஒரே ஆள் அக்காவாகவும் மாமியாராகவும் இருக்க முடியாது!

முடியாதா? நான் கட்டியது அக்கா மகளையாச்சே!

"ரெண்டுல ஒண்ணைத் தூக்கிடுங்க சார், யாரு பார்க்கப் போறாங்க?" என்றார் மேனேஜர். அக்காவைத் தூக்கினேன். சிவப்பு போனது. கூடவே மனைவிக்கு அம்மா போனாள். என் பெண்ணுக்குப் பாட்டியும் போனாள், அத்தையும் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முத்தாபுதுப்பேட்டையிலிருந்து அக்கா சாப்பிட வந்தாள். என் வாய் சும்மா இருக்குமா? சொல்லிவிட்டேன்.

"இன்னாடா நைனா இது? உன் கல்யாணத்துல ஊரே பந்தியில குந்திகினு துன்னுச்சே, ஒருத்தனாவது கொழம்புனானா? அந்த மெஷினுக்கு மட்டும் இன்னா கேடு?"

மனைவியின் சாம்பார்க் கரண்டி பாதியில் நின்றது. "எங்கம்மாவ அழிச்சிட்டியா மாமா? அப்ப நான் இன்னா, ஆகாசத்துலேர்ந்து குதிச்சனா?"

அந்த இலையிலேயே முடிவு செய்தேன். அக்காவும் இருப்பாள், மாமியாரும் இருப்பார். போக வேண்டியது அந்த விதி!

கை கழுவியதும் பஸ் பிடித்து ஆபீஸ் போனேன். மெனு மெனுவாகத் தேடினேன். மேனுவலைக்கூடப் படித்தேன் — வாழ்க்கையில் முதல் தடவையாக! கடைசியில் அகப்பட்டது. கூடவே வந்த மாதிரிக் கோப்பில் எவனோ ஒருவன், உடன்பிறப்பும் மாமியாரும் ஒரே ஆளாக முடியாது என்று டிக் போட்டு வைத்திருந்தான். எடுத்தேன். பாட்டிக்கும் அத்தைக்கும் நடுவே இன்னொரு டிக். அதையும் எடுத்தேன். அக்காவைத் திரும்ப ஏற்றினேன்.

பிழைகள்: பூஜ்யம்.

திங்கட்கிழமை கஸ்டமர் சரியாக அந்த அக்கா-மாமியார் மேலேதான் விரலை வைத்தார். "இது தப்பில்லையா?"

"இல்லை சார். நேற்று என் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். இரண்டு பேரும், ஒரே இலையில்."

விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார். புராஜெக்ட் என்னிடமே.

அக்காவின் பக்கத்து வீட்டு போனில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்படியே இதையும் அதுல ஏத்திக்கோடா," என்றாள். "பொங்கச் சீரு வாங்கறப்ப நான் அக்கா. உன்னைத் திட்றப்ப மாமியாரு."

அக்கா போட்ட அந்த டிக்கை எங்கே எடுப்பது? இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.