முன்பக்கம் ஒன்றரை அங்குலம்

டெய்லரம்மாவின் உயரம் நாலடி பதினோரு அங்குலம். இதை அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். அடுத்தவர் சொல்ல இடம் கொடுக்கமாட்டாள். பெரிய துணிக்கடையின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், இருபத்திரண்டு வருடமாக ஊரார் பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது அவள் வேலை. கழுத்தில் டேப், வாயில் நாலு குண்டூசி. குத்துக்காலிட்டு உட்கார்வதும் எழுவதுமாக நாள் ஓடிவிடும். ஊரில் பாதிப் பேரைக் கணுக்காலை வைத்துத்தான் அவளுக்கு அடையாளம் தெரியும்.

அப்படிப்பட்டவள் நாற்பத்தெட்டாவது வயதில் இருநூற்று முப்பது கிலோ எடையுள்ள டூரிங் பைக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "நெடுஞ்சாலை எங்க முடியுதுன்னு பாக்கணும். போற வழியில மனுஷங்களோட மூஞ்சியையும் பாக்கணும்" என்றாள். இரண்டிலும் விளையாட்டே இல்லை. அந்த அறைக்கு வெளியே ஒரு தடவையாவது வெகுதூரம் போய்விட வேண்டும் என்ற ஆசை அவளை அரித்துக்கொண்டிருந்தது.

அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம். கழுத்தில் தொங்கும் விசிலைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்று கேள்வி, நிச்சயமில்லை.

பைக்கில் உட்கார்ந்தால் டெய்லரம்மாவின் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொடும். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நிற்கும்போதுதான் வம்பு. முதல் தடவை பெட்ரோல் பங்கில் சாய்ந்தது. முன்பின் தெரியாத நாலு பேர் தூக்கி நிறுத்தி, நாற்பது புத்திமதி சொன்னார்கள். அவமானம் தாங்காமல், விழுந்த வண்டியைத் தனி ஆளாகத் தூக்கும் வித்தையை அவள் வீடியோ பார்த்து மனப்பாடம் செய்தாள். இரண்டாவது தடவை வீட்டு கேட்டருகே சாய்ந்தபோது அதைச் செய்துகாட்ட வழியில்லை. வாத்தியார் பாய்ந்து வந்து, பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து தூக்கிவிட்டு, விசிலையும் ஊதினார்.

"ரெண்டு ஃபவுல் ஆச்சு. மூணாவது தடவை கீழ விழுந்தா வண்டிய வித்துடணும். சரியா?"

சொல்லிக்கொண்டே அவளுக்கு எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனுஷன் பயந்துபோயிருக்கிறார் என்று தெரிந்ததால் மட்டுமே அவள் "சரி" என்று சொல்லித் தொலைத்தாள்.

முதலில் வண்டியின் பின்பக்கத்தை ஒன்றரை அங்குலம் இறக்கிக் கொடுத்தார், கிரீஸ் அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக். கால் கொஞ்சம் எட்டியது. ஆனால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஹெட்லைட் காக்காய்க் கூட்டுக்கு வெளிச்சம் காட்டியது. வளைவில் ஹேண்டில்பார் பிடிமானமில்லாமல் மிதந்தது. ஒரு காலை மட்டும் மடித்துத் தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு திரிவதுபோல் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"முன்சக்கரத்தைப் புடிச்சிருக்கற ஃபோர்க்கை அப்படியே கிளாம்புல மேல ஏத்தி, முன்பக்கத்தையும் எறக்கிடலாமாண்ணே?"

"இந்த வண்டியில ஹேண்டில்பார் இடிக்கும்மா. உள்ள இருக்கற ஸ்பிரிங்கையே மாத்தணும்."

மேஜைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றில் ஒன்றரை அங்குலம் இறக்கும் ஸ்பிரிங், இன்னொன்றில் இரண்டரை.

"ரெண்டரையப் போட்டுக்கம்மா. பாதம் முழுசா பதியும், கவலையே விட்டுது."

டெய்லரம்மாவுக்கு நாக்கில் எச்சில் ஊறத்தான் செய்தது. இருந்தாலும் தொழில்புத்தி விடவில்லை. கழுத்திலிருந்த டேப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"இப்ப அளங்க. நின்னுக்கிட்டு எடுக்கற அளவு உட்கார்ந்தா உதவாது. என் கனத்துக்கே இவ்வளவு எறங்குதுல்ல? பள்ளத்துல பிரேக் புடிச்சா இன்னும் எறங்கும். ரெண்டரையப் போட்டா சக்கரம் எங்கண்ணே போகும்? மட்கார்டுலதான் இடிக்கும்."

கிரீஸ் அண்ணன் அளந்தார். தலையைச் சொறிந்தார். மறுபடி அளந்தார். பிறகு பெரிய பெட்டியைச் சத்தமில்லாமல் மேஜைக்கு அடியில் தள்ளினார். பின்னால் ஒன்றரை, முன்னால் ஒன்றரை என்று முடிவானது.

சனிக்கிழமை காலை வேலை முடிந்தது. அவளது பூட்ஸின் முன்பாதி இரண்டு பக்கமும் தரையில் அழுத்தமாகப் பதிந்தது. டெய்லரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்றாள். நடுவர் வேலை பார்க்க வந்திருந்த வாத்தியாரும் குறை எதுவும் கண்டுபிடிக்க முடியாமல், "நானும் ஒரு தடவை உட்கார்ந்து பாக்கறேன்" என்று அவளை இறக்கிவிட்டு ஏறினார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சைட் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, இடதுபக்கம் இறங்கிக் கையை எடுத்தார்.

இங்கேதான் இரண்டு நிபுணர்களும் கோட்டை விட்டிருந்தார்கள். முன்னாலும் பின்னாலும் வண்டியை இறக்கியவர்கள் ஸ்டாண்டின் நீளத்தைத் தொடவே இல்லை. குட்டையாகிவிட்ட வண்டிக்கு அது நெட்டையாகிவிட்டது. இடதுபக்கம் சாய வேண்டிய பைக் நட்டமாக நின்று, ஒரு நொடி யோசித்து, வலதுபக்கம் சாயத் தொடங்கியது. பதறிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்த வாத்தியாரையும் இழுத்துக்கொண்டு படுத்தது. அவர் சோபாவில் சாய்ந்தவர்போல் அதன்மேல் கிடந்தார். நல்லவேளை, ஒரு கீறலும் இல்லை. கிரீஸ் அண்ணன் அவசரமாகக் கூரையில் எதையோ தேடினார்.

டெய்லரம்மா விரல்விட்டு எண்ணினாள். மூன்றாவது தடவை. சொன்ன சொல் சொன்னதுதானே?

வாத்தியார் எழுந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தார். தம் பிடித்து இழுத்தார். முகம் சிவந்ததே தவிர வண்டி அசையவில்லை.

"நகருங்க" என்றாள்.

வண்டிக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டுக்கு அடியிலும் பிடித்து, இருபத்திரண்டு வருடம் எழுந்த மாதிரியே எழுந்தாள். இருநூற்று முப்பது கிலோவும் அவளோடு சேர்ந்து எழுந்து நின்றது.

 வாத்தியார் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"ஃபவுல் என்னோடது" என்றார்.

அவள் விசிலை வாங்கி, ஆசை தீர ஒரு ஊது ஊதினாள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டின் அருகே உட்கார்ந்தாள்.